கவுன்சிலரின் லெட்டர்பேட்

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு வாசலில் ஹாரன் இரண்டு முறை அடித்தது. கீதாவுடையது மின்சார ஆட்டோ. வருவதும் தெரியாது, நிற்பதும் தெரியாது. ஹாரன் அடித்தால்தான் உண்டு.

பதினொரு மணிக்கு மண்டலக் கூட்டம். எந்தப் புடவை கட்டுவது என்று பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்த சந்திரிகா, அதை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

இந்தக் குடும்பத்தோடு முதல் வாரத்திலிருந்தே பழகி வருகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம். இன்றைக்குத்தான் வந்து சேருகிறவர்களுக்காகக் கொஞ்சம்.

செம்பாக்கம் ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டபோது, மோகன்ராஜ் தன் மனைவி சந்திரிகாவை அதில் நிறுத்தினான். ஜெயித்தாள். ஜெயித்தது அவள், கவுன்சிலர் வேலை பார்த்தது அவன். மோகன்ராஜின் தம்பி சக்திவேலுக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மெயின் ரோட்டில் அப்பா விட்டுப்போன இடத்தில் அண்ணன் காம்ப்ளெக்ஸ் கட்டினதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. எட்டு மாதம் ஆகிறது. சக்திவேலின் மனைவிதான் கீதா. புருஷர்கள் பேசாவிட்டாலும் ஓரகத்திகள் இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

கீதா வண்டியை விட்டு இறங்கவில்லை.

"க்கா, தொட்டியாண்ட சார்ஜர் வரலயாமே? மாமா காம்ப்ளெக்ஸ் முன்னாடி வைக்கப் போறாங்கன்னு ஸ்டாண்டுல பேசிக்கினு கீறாங்க."

யார் சொன்னது என்று சந்திரிகா கேட்டாள். நேற்று மதியம் மாநகராட்சி ஆள் ஒருவர் காம்ப்ளெக்ஸ் வாசலில் டேப் வைத்து அளந்துவிட்டுப் போனதை ஸ்டாண்டில் எல்லோருமே பார்த்திருக்கிறார்கள்.

சந்திரிகாவுக்கு நம்பிக்கை வரவில்லை. வார்டுக்கு ஒரு பொது சார்ஜிங் இடம் காட்டச் சொல்லி மாநகராட்சியிலிருந்து கேட்டு ஒரு மாதம் ஆகிறது. மோகன்ராஜ் திருப்பதி போயிருந்த மூன்று நாளில், அவளும் உதவிப் பொறியாளர் பியூலாவும் தெருத் தெருவாக நடந்து, மேல்நிலைத் தொட்டியடியில் இருக்கும் காலி இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். எதிரே ஆட்டோ ஸ்டாண்ட். கூப்பிடு தூரத்தில் டிரான்ஸ்ஃபார்மர். கவுன்சிலர் என்று பெயருக்கு இருந்த இரண்டரை வருஷத்தில், அவள் தானாகச் செய்த முதல் காரியம் அது.

கீதாவின் பாடு அவளுக்குத் தெரியும். குடியிருப்பது மாடி போர்ஷன். கீழே வயர் தொங்கவிட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. வேளச்சேரி ரோட்டில் ஒரு தனியார் நிலையத்துக்கு ஆறு கிலோமீட்டர் போய், கார்களுக்குப் பின்னால் நின்று சார்ஜ் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அப்படிப் போய் மாட்டிக்கொண்டதில் இரண்டு நாள், தான் ஏற்றிச் செல்லும் பிள்ளைகளுக்குப் பள்ளி விடும் நேரத்துக்கு வர முடியாமல் போயிற்று. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு மணி வரை கேட்டருகே வாட்ச்மேனோடு நின்றிருக்கிறார்கள். ஒரு அம்மா மறுநாளே வேறு ஆட்டோ பார்த்துக்கொண்டாள்.

"இன்னிக்குக் கூட்டத்துல கேக்கறேன்" என்றாள் சந்திரிகா.

"நீ கேப்பியாக்கா?"

கீதா கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மண்டலக் கூட்டத்தில் சந்திரிகாவின் குரலை இதுவரை யாரும் கேட்டதில்லை.

மோகன்ராஜ் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மறைக்கவெல்லாம் இல்லை. ஆமாம், மாற்றிவிட்டேன் என்றான். காம்ப்ளெக்ஸ் வாசல் நல்ல அகலம், நாலு கார் தாராளமாக நிற்கும், மாடி ஹாலை வாடகைக்குக் கேட்டிருக்கும் ஹோட்டல்காரர்களும் சார்ஜிங் வசதி உண்டா என்று விசாரிக்கிறார்கள் என்று வரிசையாகச் சொன்னான்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலயே."

"கேக்க என்ன இருக்கு? தொட்டியடில மழை பெஞ்சா முழங்கால் தண்ணி. அங்க போய் கரண்ட் பெட்டிய வச்சி, நாளைக்கு ஒருத்தனுக்கு ஷாக் அடிச்சா பேப்பர்ல உன் பேருதான் வரும்."

மாற்றச் சொல்லிக் கடிதம் யார் கொடுத்தது என்று கேட்டாள். நீதான் என்றான். அலமாரியில் அவள் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கும் லெட்டர்பேட் தாள்கள் இருக்கின்றனவே. பள்ளி சீட்டுக்கும் ரேஷன் கார்டுக்கும் சிபாரிசு கேட்டு யாராவது அவசரமாக வந்தால் உதவும் என்று போன வருஷம் பத்துத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தான். அதில் ஒன்று.

சந்திரிகாவுக்கு உடனே கோபம் வரவில்லை. முதலில் வந்தது சந்தேகம். நாங்கள் போய்ப் பார்த்தது நல்ல வெயில் நாள். அங்கே தண்ணீர் நிற்பது உண்மைதானோ? யாரிடமும் விசாரிக்காமல்தான் இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டோமோ? கோபம் அதற்குப் பிறகு, தட்டைக் கழுவி வைக்கும்போது வந்தது. அவன் சொன்னது சரியாகவே இருந்தாலும், என் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

வழக்கமாகக் கூட்டத்துக்கு அவனோடு காரில் போவாள். அன்று ஒன்பது மணிக்கே தன் ஸ்கூட்டரை எடுத்தாள். எங்கே என்று கேட்டான். தொட்டியடிக்கு என்றாள். கூட்டத்துக்கு நேரத்தோடு வந்துவிடு என்பதோடு அவன் விட்டுவிட்டான்.

சந்திரிகா போன் செய்த கால் மணி நேரத்தில் பியூலா அங்கே வந்துவிட்டாள். முப்பத்தைந்து வயது இருக்கும். இந்த மண்டலத்துக்கு மாற்றலாகி ஆறு மாதம்தான் ஆகிறது. தேவைக்கு மேல் பேசமாட்டாள். கேட்டதற்கு மழுப்பாமல் பதில் சொல்வாள்.

பம்ப் ரூம் ஆபரேட்டரிடம் விசாரித்தார்கள். சுவரில் பாசி பிடித்திருந்த ஒரு கோட்டைக் காட்டினார். போன ஐப்பசியில் தண்ணீர் அதுவரை வந்து மூன்று நாள் வடியாமல் நின்றதாம். பியூலா டேப்பை வைத்துப் பார்த்தாள். இருபத்தோரு அங்குலம்.

"அப்போ இங்க வைக்க முடியாதா?"

"வைக்கலாம் மேடம். மூணடிக்கு மேடை கட்டி அது மேல வைக்கணும், வண்டி ஏறி இறங்கச் சரிவு போடணும். செலவு கூடும், வேலையும் நாள் எடுக்கும். சார் சொல்ற இடத்துல தண்ணி நிக்காது. ஆனா டிரான்ஸ்ஃபார்மர்லேர்ந்து முந்நூறு மீட்டர் கேபிள் இழுக்கணும், ஆட்டோக்காரங்க மெயின் ரோட்டைத் தாண்டி யூ டர்ன் அடிச்சு வரணும். ரெண்டுலயும் குறை இருக்கு."

அப்படியென்றால் மாற்றியபோது ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று சந்திரிகா கேட்டாள். கவுன்சிலரே எழுதிக் கேட்டதால் மாற்றிவிட்டேன், ஒரு தடவை போன் செய்து கேட்டிருக்க வேண்டும் என்று பியூலா ஒப்புக்கொண்டாள். செல்போனில் அந்தக் கடிதத்தின் படத்தையும் காட்டினாள். பொதுமக்கள் நலன் கருதி, எங்கள் சொந்த இடத்தில் அமைத்துக்கொள்ள முழு மனதுடன் சம்மதிக்கிறேன் என்று இருந்தது. நல்ல தமிழ். காம்ப்ளெக்ஸில் டைப்பிங் கடை வைத்திருக்கும் பையனின் கைவேலையாக இருக்கும்.

"இத நான் எழுதல மேடம்."

பியூலா டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"கையெழுத்து?"

"அது என்னோடதுதான்."

பியூலா டேப்பைப் பைக்குள் போட்டாள். பிறகு, சார்ஜிங் இடங்களின் பட்டியல் இன்றைய கூட்டத்தில் பன்னிரண்டாவது பொருளாக வருகிறது, அது நிறைவேறிவிட்டால் மின்வாரியத்துக்குப் போய்விடும், அப்புறம் என்னால் எதுவும் செய்ய முடியாது என்று மட்டும் சொன்னாள்.

மண்டல அலுவலகத்தின் மாடியில் கூட்ட ஹால். பெண் கவுன்சிலர்களின் கணவர்கள் உள்ளே உட்காரக் கூடாது என்று சில மாதங்களுக்கு முன் ஒரு சுற்றறிக்கை வந்ததிலிருந்து, மோகன்ராஜுக்குக் கதவை ஒட்டிய பெஞ்சுதான் இடம். கதவை யாரும் சாத்துவதில்லை. உட்கார்ந்தபடியே எல்லாம் கேட்கும். வேண்டுமானால் எட்டியும் பார்க்கலாம். சந்திரிகா அவனைத் தாண்டி உள்ளே போனபோது அவன் போனில் யாருடனோ பேசிக்கொண்டே தலையாட்டினான்.

மண்டலக் குழுத் தலைவர் கேசவன் பொருள்களை வேகமாக வாசித்துக்கொண்டு போவார். குப்பை வண்டி, கால்வாய் தூர் வாருதல், தெருவிளக்கு. ஆட்சேபணை உண்டா என்று கேட்கும் மூச்சிலேயே ஏகமனதாக நிறைவேறியது என்பதும் வந்துவிடும். பன்னிரண்டாவதும் அப்படித்தான் வந்தது. ஒன்பது வார்டுகளில் ஒன்பது பொது சார்ஜிங் இடங்கள். இணைப்பில் பட்டியல். ஆட்சேபணை உண்டா?

சந்திரிகா மைக்கின் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பேசத் தொடங்கியபோது தன் குரல் ஸ்பீக்கரிலிருந்து வேறு யாருடையதோ போல வந்ததில் ஒரு நொடி தடுமாறினாள்.

தன் வார்டுக்கான இடத்தைப் பட்டியலிலிருந்து நிறுத்திவைக்க வேண்டும் என்று கேட்டாள். கேசவன் காகிதத்தைப் புரட்டினார். நீங்களே எழுதிக் கொடுத்த கடிதம் இருக்கிறதேம்மா என்றார்.

"கையெழுத்து என்னோடது சார். அதுல இருக்கற விஷயம் என்னோடது இல்ல. அந்தக் கடிதத்த நான் வாபஸ் வாங்கிக்கறேன். அத அப்படியே பதிவு பண்ணச் சொல்லுங்க."

கதவுப் பக்கம் பெஞ்ச் கிரீச்சிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்து வார்டு ஐசக் பழைய ஆள், நாலாவது முறை கவுன்சிலர். அவர் மரியாதையாகவே கேட்டார்: முதலில் கொடுத்த தொட்டியடி இடம் யாருக்கு வசதி? உங்கள் வீட்டிலேயே ஒருவர் மின்சார ஆட்டோ ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டேனே.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"உண்மைதான் சார். என் ஓரகத்தி ஓட்றா. இன்னொரு இடம் என் வீட்டுக்காரர் கட்டடத்து வாசல். ரெண்டு பக்கமும் எங்க குடும்பம். அதனாலதான் சொல்றேன், ரெண்டையுமே நான் சொன்னேன்னு எடுத்துக்காதீங்க. தொட்டியடில மழைக்கு இருபத்தோரு அங்குலம் தண்ணி நிக்குது, இன்னிக்குக் காலைல அளந்தோம். அதையும் எழுதிக்கோங்க. ரெண்டு இடத்தையும் இன்ஜினியரும் சர்வேயரும் முறைப்படி அளந்து, எது சரின்னு அவங்க சொல்லட்டும். எதுன்னாலும் நான் ஒத்துக்கறேன்."

அது நியாயம்தான் என்றார் ஐசக். கேசவன் பியூலாவைப் பார்த்தார். திங்கட்கிழமையே அளந்துவிடலாம் என்று பியூலா எழுந்து சொன்னாள். எட்டு வார்டுகளின் இடங்கள் நிறைவேறின. ஒன்று நிறுத்திவைக்கப்பட்டது.

கூட்டம் முடிந்ததும் கேசவன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். வீட்டு விஷயத்தை வீட்டிலேயே முடித்திருக்கலாமே என்று அப்பா மாதிரி சொன்னார்.

"வீட்டு விஷயமா இருந்தா முடிச்சிருப்பேன் சார்."

வெளியே பெஞ்சில் யாரும் இல்லை. கீழே காரும் இல்லை.

வேப்பமர நிழலில் கீதாவின் ஆட்டோ நின்றது. தாம்பரம் ஸ்டேஷனில் சவாரி இறக்கிவிட்டு நேராக வந்திருந்தாள். சந்திரிகா நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"அப்ப நம்ம இடமும் போச்சாக்கா?"

போகவில்லை, அளந்து பார்த்துச் சொல்வார்கள் என்றாள் சந்திரிகா. பழைய இடமே வேண்டும் என்று நீ ஒரு கடிதம் கொடுத்திருந்தால் இன்றைக்கே முடிந்திருக்குமே என்றாள் கீதா. அப்படிக் கொடுத்தால் அவர் செய்ததற்கும் நான் செய்ததற்கும் என்ன வித்தியாசம் என்று சந்திரிகா திருப்பிக் கேட்டாள்.

"வித்தியாசம் கீது க்கா. அவருக்கு கட்டடம் எங்கயும் போவாது. என் வண்டி நடுரோட்ல நின்னுக்கினு கீது."

ஹாலில் பேசியபோது சரியாகத் தோன்றியது இங்கே, கீதாவின் முன்னால், அவ்வளவு சரியாகத் தோன்றவில்லை. ஆட்டோவின் டிஸ்ப்ளேயில் இருபத்தெட்டு சதவீதம் காட்டியது. பள்ளி சவாரிக்குப் போதும். அதற்கு மேல் தாங்காது.

"ஸ்கூல் ட்ரிப் முடிச்சிட்டு நேரா நம்ம வூட்டுக்கு வா" என்றாள் சந்திரிகா. போர்டிகோவில் பதினைந்து ஆம்பியர் பிளக் ஒன்று இருக்கிறது, இந்த விவகாரம் முடியும் வரைக்கும் தினமும் அங்கேயே போட்டுக்கொள் என்றாள்.

"மாமா?"

"நான் பேசிக்கறேன்."

கீதா யோசித்தாள். எட்டு மாதமாக அந்த வீட்டு கேட்டைத் தாண்டி அவள் உள்ளே வந்ததில்லை. சரி என்றுகூடச் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் ஐந்து மணிக்கு வந்துவிட்டாள். கார் நிற்கும் இடத்தில் ஆட்டோவை நிறுத்தி, பிளக்கைச் செருகிவிட்டு, உள்ளே வரச் சொல்லியும் வராமல், பின் சீட்டிலேயே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். சந்திரிகா காபியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஆறு மணிக்கு மோகன்ராஜ் வந்தான். தன் இடத்தில் ஆட்டோவைப் பார்த்தான். காரைத் தெருவிலேயே விட்டுவிட்டு, கீதாவைத் தாண்டி உள்ளே வந்தான்.

சந்திரிகா சண்டைக்குத் தயாராக இருந்தாள். அவன் கத்தவில்லை. சோபாவில் உட்கார்ந்து, கேசவன் போன் செய்ததைச் சொன்னான். சிரிக்காமல் பேசினார், ஆனால் சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு தெரிந்தது என்றான். இந்த சீட்டுக்காகக் கட்சி ஆபீஸுக்கு எத்தனை நாள் நடந்தேன், வெயிலில் யார் ஓட்டுக் கேட்டது என்று ஆரம்பித்தான்.

"நீங்கதான். நான் இல்லேன்னு சொல்லலயே" என்றாள் அவள். "ஆனா தண்ணி நிக்குதுன்னு நீங்க என்கிட்ட சொல்லியிருந்தா நானே கேட்டிருப்பேன். உங்க பேர எங்கயும் சொல்லல. நான் எழுதலன்னு மட்டும்தான் சொன்னேன்."

"வேற யாரு எழுதுவான்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதுக்கு நான் என்ன பண்ண?"

அலமாரியில் மீதி இருந்த தாள்களை மதியமே கிழித்துப் போட்டுவிட்டதையும், இனி சிபாரிசுக்கு வருகிறவர்கள் தன்னிடமே வரட்டும் என்பதையும் சொன்னாள். அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபம்தான். ஆனால் அதோடு, ஏதோ கணக்குத் தப்பிவிட்ட மாதிரி ஒரு குழப்பமும் அந்தப் பார்வையில் இருந்தது. பதினெட்டு வருஷத்தில் அவள் அப்படி ஒரு பார்வையை அவனிடம் கண்டதில்லை. கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

அப்போது அவள் போன் அடித்தது. பியூலா.

திங்கட்கிழமை சர்வேயர் வருவது உறுதியாகிவிட்டதாம். அதற்காக ஆவண அறையிலிருந்து பழைய மனைப்பிரிவு வரைபடத்தை எடுத்துப் பார்த்திருக்கிறாள். இருபத்தாறு வருஷத்துக்கு முன் சந்திரிகாவின் மாமனார் தன் நிலத்தை மனை போட்டு விற்றபோது ஒப்புதல் வாங்கிய வரைபடம். பியூலா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"காம்ப்ளெக்ஸ் முன்னாடி கார் நிக்கற இடம், வரைபடத்துல பொது உபயோகத்துக்குன்னு விட்டிருக்கு மேடம். அன்னிக்கே தானமா எழுதிக் குடுத்திருக்காங்க. அது சாரோட இடம் இல்ல. மாநகராட்சி இடம். கட்டடமும் ஆறடி அதுக்குள்ள வந்திருக்குற மாதிரி தெரியுது."

சந்திரிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் இன்னும் கோப்புல எழுதல" என்றாள் பியூலா. "உங்ககிட்ட சொல்லிட்டு எழுதலாம்னு தோணிச்சு."

எழுதாமல் விடுகிறேன் என்று பியூலா சொல்லவில்லை. எழுதாமல் விடுவாள் என்றும் சந்திரிகாவுக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தக் காம்ப்ளெக்ஸின் ஒவ்வொரு தூண் எழும்பும்போதும் சந்திரிகா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். பூமி பூஜைக்குக் கோலம் போட்டதும் அவள்தான்.

"எழுதிடுங்க மேடம்."

போனை வைத்தாள். யார் என்று மோகன்ராஜ் கேட்டான். மறைப்பதற்கு எதுவும் தோன்றாததால் இருந்ததை இருந்தபடி சொன்னாள். சர்வேயர், பழைய வரைபடம், தான நிலம், ஆறடி. சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அது எங்கப்பா இடம், எவன் சொன்னது என்று அவன் எழுந்து நின்று கேட்பான் என்று நினைத்தாள். கேட்க வேண்டும் என்றும் உள்ளுக்குள் ஆசைப்பட்டாள்.

"எத்தன மணிக்கு வராங்க?" என்றான் மோகன்ராஜ்.

பத்து மணிக்கு என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. இவனுக்கு இது புதிய செய்தி இல்லை.

அவன் எழுந்து சட்டைப் பையைத் தடவினான். எதையும் எடுக்கவில்லை. மெதுவாக போர்டிகோவுக்கு நடந்தான். கீதா சீட்டிலிருந்து காலை மடக்கிக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். ஆட்டோவை எடுக்கச் சொல்லப்போகிறான் என்று நினைத்து அவள் கை பிளக் பக்கம் போயிற்று.

"இருக்கட்டும்" என்றான் மோகன்ராஜ். "சக்திவேலுக்கு ஷிப்ட் எப்ப முடியுது? அப்பா அந்த இடத்தத் தானமா எழுதிக் குடுத்த பத்திரத்துல அவனும்தான் கையெழுத்துப் போட்டிருக்கான். நான் அவன்கிட்ட பேசணும்."

கீதா வாசற்படியில் நின்ற சந்திரிகாவைப் பார்த்தாள்.